டைமிங் மார்க் யார் வீட்டுச் சொத்து?

முதல்லயே சொல்லிடறேன். இது மெக்கானிக்குகளைத் திட்டும் கட்டுரை இல்லை. அதைச் செய்ய ஊரில் ஏற்கனவே நிறைய பேர் இருக்கிறார்கள். "வெளி மெக்கானிக்கிட்ட விட்டேன் மாப்ள, டைமிங் செயினை மாத்துறேன்னு எஞ்சினையே காலி பண்ணிட்டான்" என்று டீக்கடைக்கு ஒருத்தராவது புலம்பிக்கொண்டுதான் இருக்கிறார். பக்கத்தில் நிற்பவரும் கிளாஸை வைத்துவிட்டு, "அதான் நான் கம்பெனி சர்வீஸ் தவிர எங்கயும் விடறதில்ல" என்பார். தீர்ப்பு முடிந்தது. மெக்கானிக் குற்றவாளி. டீக்குக் காசு கொடுத்துவிட்டு ரெண்டு பேரும் கிளம்பிவிடுவார்கள்.

என் கேள்வி வேறு. அந்த எஞ்சினில் எந்தப் பல்லுக்கு நேராக எந்தக் குறி வர வேண்டும் என்று அந்த மெக்கானிக்குக்கு யார் சொன்னது? எந்தப் புத்தகத்தில்? எந்த மொழியில்? அந்தப் புத்தகம் எந்தக் கடையில் கிடைக்கும்? இதற்குப் பதில் இல்லாமல் அவரைத் திட்டுவது, பாடப்புத்தகத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு பரீட்சையில் ஃபெயிலாக்குவது மாதிரி.

என் கட்சி இதுதான். டைமிங் செயின் மாற்றும் வேலையில் பாதி கைத்திறன், பாதி தகவல். கைத்திறன் நம்ம ஊர் பட்டறைகளில் தாராளமாக இருக்கிறது. தகவலை வண்டி செய்த கம்பெனிகள் பூட்டி வைத்திருக்கின்றன. அந்தப் பூட்டைத் திறக்காத வரை வளைந்த வால்வுகளுக்கு மெக்கானிக்கை மட்டும் பொறுப்பாக்குவது அநியாயம்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

செயின் என்னதான் செய்கிறது?

டைமிங் செயின் என்றதும் பலர் பின் சக்கரத்தைப் பார்க்கிறார்கள். அது வேற செயின். இது எஞ்சினுக்குள்ளேயே, ஆயிலில் குளித்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாமல் ஓடுவது. கீழே கிராங்க் ஷாஃப்ட், பிஸ்டனை ஏற்றி இறக்குவது. மேலே கேம் ஷாஃப்ட், வால்வுகளைத் திறந்து மூடுவது. நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் 2 சுற்று சுற்றினால் கேம் சரியாக 1 சுற்று சுற்ற வேண்டும். இந்தக் கணக்கு பிசகாமல் ரெண்டையும் கட்டி வைப்பதுதான் டைமிங் செயினின் வேலை.

மதுரைக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்வதென்றால், மீனாட்சி கல்யாணத்துக்கு அழகர் தாமதமாக வந்த கதைதான். கல்யாணம் முடிந்துவிட்டது என்று தெரிந்ததும் அழகர் கோபித்துக்கொண்டு வண்டியூர் பக்கம் போய்விடுவார், நமக்கும் ஒரு திருவிழா கிடைக்கும். ஆனால் எஞ்சினில் வால்வு தாமதமாக வந்தால் கோபித்துக்கொண்டு போக அதற்கு வேறு இடம் இல்லை. மேலே ஏறி வரும் பிஸ்டன் மேல்தான் போய் இடிக்கும். எல்லா எஞ்சினிலும் இடிக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் இடைவெளி குறைவாக வைத்துக் கட்டிய எஞ்சின்களில், குறிப்பாக டீசலில், இடித்தால் வால்வு வளையும். வால்வு வளைந்தால் ஹெட்டை இறக்க வேண்டும். ஹெட்டை இறக்கினால் பில் ஏறும்.

"செயின் இழுத்துக்கிச்சு" என்று சொல்வார்களே, உண்மையில் இரும்பு ரப்பர் மாதிரி இழுபடுவதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் இருக்கும் பின் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. கணக்குக்கு 100 கண்ணி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் 0.02 மில்லிமீட்டர் தேய்ந்தால் மொத்தம் 2 மில்லிமீட்டர். செயின் அவ்வளவு நீண்டுவிட்டது. டென்ஷனர் முடிந்த வரைக்கும் தள்ளிப் பிடித்துப் பார்க்கும், முடியாத கட்டத்தில் "சடசட" என்று சத்தம். இதற்கு முதல் காரணம் ஆயில். ஆயில் குறைந்தாலும், கருப்பாகிக் குழம்பான பிறகும் மாற்றாமல் விட்டாலும், பின்னும் தேயும், ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும் டென்ஷனரும் படுத்துவிடும். அதாவது செயினைக் கொல்வது பெரும்பாலும் வண்டிக்காரர்தான். இதை டீக்கடையில் யாரும் சொல்வதில்லை :-)

ரெண்டு குறி, ஒரு பல்

இப்போது அந்தக் குறிகள். ஸ்பிளெண்டரை எடுத்துக்கொள்வோம். 1994-ல் ஹீரோ ஹோண்டா கொண்டுவந்தது. ஹோண்டா பிரிந்து 2011-ல் கம்பெனி ஹீரோ மோட்டோகார்ப் ஆன பிறகும் நிற்காமல் வந்துகொண்டிருக்கிறது. மேலூரிலிருந்து திருமங்கலம் வரை எந்தத் தெருவில் நின்று கல்லெறிந்தாலும் ஒரு ஸ்பிளெண்டர் மேல்தான் விழும்.

இந்த 97.2 சிசி எஞ்சினில் இடது பக்கக் கவருக்குள் இருக்கும் ஃபிளைவீலில் ஆங்கில எழுத்து 'டி'யும் ஒரு கோடும் இருக்கும். அந்தக் கோடு எதிரே உள்ள வெட்டுக்கு நேராக வந்தால் பிஸ்டன் உச்சியில் இருக்கிறது என்று அர்த்தம். அதே நேரத்தில் மேலே கேம் ஸ்ப்ராக்கெட்டில் உள்ள சின்ன வட்டம், ஹெட்டில் உள்ள வெட்டுக்கு நேராக நிற்க வேண்டும். கீழேயும் நேர், மேலேயும் நேர் என்றால் செயினை மாட்டலாம். பழைய அம்பாசடரில் இன்னும் எளிது. கிராங்க் பல்சக்கரத்தில் ஒரு புள்ளி, கேம் பல்சக்கரத்தில் ஒரு புள்ளி, ரெண்டும் முகத்துக்கு முகம் பார்க்க வேண்டும்.

கேட்க சுலபமாக இருக்கிறது இல்லையா? இப்போது பொறியைப் பாருங்கள். ஸ்பிளெண்டரின் அதே ஃபிளைவீலில் 'டி'க்குப் பக்கத்திலேயே 'எஃப்' என்று இன்னொரு எழுத்தும் கோடும் உண்டு. அது பிளக்கில் தீப்பொறி வரும் நேரத்தைச் சரிபார்க்க. பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்பே அது வெட்டுக்கு நேராக வந்துவிடும். 'டி' எதற்கு, 'எஃப்' எதற்கு என்று யாரும் சொல்லித்தராத ஒரு பையன், கிரீஸும் அழுக்கும் படிந்த ஃபிளைவீலில் முதலில் கண்ணில் பட்ட கோட்டை வைத்து மாட்டினால் அது அவன் முட்டாள்தனமா?

ஒரு பல் தள்ளிப்போனால் என்ன ஆகும்? கணக்குக்கு கேம் ஸ்ப்ராக்கெட்டில் 30 பல் என்று வையுங்கள். 360-ஐ 30-ஆல் வகுத்தால் ஒரு பல்லுக்கு 12 டிகிரி. கேம் 12 டிகிரி தவறினால் கிராங்க் கணக்கில் அது 24 டிகிரி. வண்டி ஸ்டார்ட் ஆனாலும் ஆகும். ஆனால் இழுவை இருக்காது, மைலேஜ் விழும், சைலன்சரில் 'டப் டப்' என்று வெடிக்கும். பாலக்காரர் ரெண்டு கேனைக் கட்டிக்கொண்டு போகும்போதுதான் தெரியும், வண்டி பழைய வண்டி இல்லை என்று.

இதைத் தடுக்க ஒரு சோதனை இருக்கிறது. செலவு பூஜ்யம். செயினை மாட்டி டென்ஷனரைப் போட்ட பிறகு, ஸ்டார்ட் செய்யும் முன், கிராங்கைக் கையாலேயே மெதுவாக 2 முழுச் சுற்று சுற்ற வேண்டும். கேம் 1 சுற்று சுற்றி வரும். ரெண்டு குறியும் திரும்பவும் அதே இடத்தில் நேராக வந்து நின்றால் சரி. நடுவில் எங்காவது கல்லில் இடித்த மாதிரி தடுத்தால் உடனே நிறுத்த வேண்டும், பலம் கொடுத்துத் திருப்பக் கூடாது. கையால் திருப்பும்போது இடித்தால் தப்பிக்கலாம். செல்ஃப் அடித்து இடித்தால் தப்பிக்க முடியாது. ரெண்டு நிமிட வேலை. இந்தப் பத்தி எத்தனை பட்டறைச் சுவரில் தமிழில் ஒட்டியிருக்கிறது? நான் பார்த்த வரை ஒன்றிலும் இல்லை. ஆயில் கம்பெனி காலண்டர் மட்டும் நாலு தொங்குகிறது.

சில கார் எஞ்சின்களில் இன்னொரு குழப்பம். செயினிலேயே ஒன்றிரண்டு கண்ணிகள் வேறு நிறத்தில் இருக்கும். மாட்டும்போது அவற்றைப் பல்சக்கரக் குறிகளோடு சேர்க்க வேண்டும். மாட்டிவிட்டு 2 சுற்று சுற்றினால் பல்சக்கரக் குறிகள் பழைய இடத்துக்கு வந்துவிடும், ஆனால் நிறக் கண்ணிகள் எங்கேயோ போய் நிற்கும். அது தப்பில்லை. செயினின் கண்ணி எண்ணிக்கையும் பல் எண்ணிக்கையும் வேறு என்பதால் எல்லாம் ஒன்றாகச் சேர நிறையச் சுற்று ஆகும். இது தெரியாதவர் "தப்பாயிருச்சு" என்று பதறிப்போய், சரியாக இருந்ததைப் பிரித்து மறுபடி தப்பாக மாட்டுவார். ஒரே ஒரு வரியில் சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும்.

யார் கற்றுக்கொடுத்தார்கள்?

இருபது, முப்பது வருடத்துக்கு முன்னால் நம்ம பக்கத்து கிராமப் பட்டறைகளில் நின்றதெல்லாம் பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக் வண்டிகள். 1980-ல் வந்த டிவிஎஸ் 50-இல் தொடங்கி பின்னால் வந்த எக்ஸெல் வரைக்கும். டூ ஸ்ட்ரோக் என்றால் அந்த மாதிரி வால்வும் இல்லை, கேமும் இல்லை, டைமிங் செயினும் இல்லை. சைலன்சரை எரித்துக் கரி எடுத்து, பிளக்கைத் தேய்த்துப் போட்டால் வண்டி ஓடும். அதற்கேற்ற அறிவு பட்டறையில் இருந்தது, கை மாறிக் கை வந்தது.

அப்புறம் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் படிப்படியாக இறுகின. டூ ஸ்ட்ரோக் ஒழிந்தது. நல்ல விஷயம்தான், காமராசர் சாலையில் மூச்சு விட்டுப் பார்த்தவர்கள் யாரும் மறுக்க மாட்டார்கள். 2015-ல் எக்ஸெல் 100 நாலு ஸ்ட்ரோக்காக வந்தது. உசிலம்பட்டி சந்தைக்கு மூட்டை சுமக்கும் மொபெட்டுக்குள்ளும் வால்வு வந்துவிட்டது. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 வந்தபோது சென்சாரும் ஃபியூவல் இன்ஜெக்‌ஷனும் சேர்ந்து வந்தன. வண்டி மாறியது, சட்டம் மாறியது, விலை மாறியது. அந்த வண்டியைப் பிரித்து மாட்ட வேண்டிய ஆளுக்கு மட்டும் யாரும் ஒரு தாள் கூடக் கொடுக்கவில்லை.

அதனால் அவர் என்ன செய்கிறார்? தனக்குத் தெரிந்த வழியில் சமாளிக்கிறார். செயினைக் கழற்றும் முன் பல்லிலும் செயினிலும் ஒயிட்னரால் புள்ளி வைத்துக்கொள்வார். புது செயினில் அதே கண்ணி எண்ணி அதே புள்ளி. புத்திசாலித்தனம்தான், பாராட்டத்தான் வேண்டும். ஆனால் பழைய செயின் தேய்ந்துபோய் ஏற்கனவே ஒரு பல் தாவியிருந்தால்? பழைய தப்பையே அப்படியே புது செயினுக்கு நகல் எடுத்த மாதிரி ஆகிவிடும். கம்பெனி குத்திய குறி எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தால் ஒயிட்னரே தேவைப்பட்டிருக்காது.

டிசையர் கதை

கார் பக்கம் வந்தால் கதை இன்னும் மோசம். மதுரை ரயில் நிலையம் எதிரே, மாட்டுத்தாவணியில், விமான நிலையத்தில் நிற்கும் வாடகைக் கார்களைப் பாருங்கள். டீசல் டிசையர் எத்தனை! அதில் இருப்பது ஃபியட் உருவாக்கிய 1.3 மல்டிஜெட் எஞ்சின். மாருதி அதை இந்தியாவிலேயே தயாரித்து 2007-ல் ஸ்விஃப்டிலும் 2008-ல் டிசையரிலும் வைத்தது, டாடாவும் இண்டிகா விஸ்டாவில் வைத்தது. பிஎஸ் 6 வந்த 2020-ல் மாருதி டீசலையே விட்டுவிட்டது. ஆகவே இன்று ஓடும் டீசல் டிசையர் எல்லாமே வயதானவை, வாரண்டி முடிந்தவை, ராமேஸ்வரத்துக்கும் கொடைக்கானலுக்கும் ஓடி ஓடித் தேய்ந்தவை. டைமிங் செயின் மாற்ற வேண்டிய வயசு.

இந்த எஞ்சினில் ஸ்பிளெண்டர் மாதிரி எழுத்தையும் வட்டத்தையும் பார்த்து மாட்டிவிட முடியாது. கேம் பல்சக்கரம் ஷாஃப்டில் சாவி வைத்துப் பூட்டப்பட்டதில்லை. போல்ட்டைத் தளர்த்தினால் தனியாகச் சுற்றும். அதனால் கிராங்கையும் கேமையும் தனித்தனி லாக்கிங் டூல் போட்டு அசையாமல் நிறுத்திவிட்டுத்தான் செயினை மாட்டி போல்ட்டை இறுக்க வேண்டும். அந்த டூல் இல்லாமல் கண்ணளவில் மாட்டினால் அது சூதாட்டம். டூல் வெளிச்சந்தையில் வாங்கலாம். ஆனால் எந்தப் பின்னை எந்த ஓட்டையில் விடுவது, எந்த போல்ட்டை எவ்வளவு இறுக்குவது, எதைத் திரும்பப் போடக் கூடாது, எதைப் புதுசாகத்தான் போட வேண்டும் என்பதெல்லாம் சர்வீஸ் மானுவலில் இருக்கிறது. காரோடு நமக்குக் கொடுக்கும் புத்தகம் அது இல்லை. அந்தப் புத்தகத்தில் டயர் காற்று எவ்வளவு, பல்பு எப்படி மாற்றுவது என்று இருக்கும். மற்றதற்கெல்லாம் டீலரை அணுகவும்.

இங்கேதான் நான் படிக்கும் பி.காம் உள்ளே வருகிறது. 2011-ல் ஒரு நுகர்வோர், கார் கம்பெனிகள் உதிரிபாகத்தையும் பழுதுபார்க்கும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்கின்றன என்று இந்தியப் போட்டி ஆணையத்தில் புகார் கொடுத்தார். ஆணையம் விசாரித்து 2014 ஆகஸ்ட் 25 அன்று தீர்ப்பு சொன்னது. 14 கார் கம்பெனிகள் குற்றவாளி. மாருதி, டாடா, ஃபியட், ஹோண்டா, மஹிந்திரா, டொயோட்டா எல்லாம் அந்தப் பட்டியலில். அம்பாசடர் செய்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கூட! மொத்த அபராதம் 2,544.65 கோடி ரூபாய். உதிரிபாகமும் கருவியும் வெளியே கிடைக்க வழி செய்யுங்கள், வெளி மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி கிடைக்க ஏற்பாடு செய்யுங்கள், வெளியே சர்வீஸ் விட்டார் என்ற ஒரே காரணத்துக்காக மொத்த வாரண்டியையும் ரத்து செய்யாதீர்கள் என்றெல்லாம் உத்தரவு. படிக்கவே சந்தோஷமாக இருக்கும்.

அப்புறம் என்ன? மேல்முறையீடு, உயர் நீதிமன்றம் என்று வருடக்கணக்கில் இழுத்தது. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு இணையதளம் தொடங்கியது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டுச் சாதனங்கள், வாகனம் என்று நாலு பிரிவு. நல்ல ஆரம்பம். ஆனால் தளம் வேறு, சட்டம் வேறு. கம்பெனி மனசு வைத்தால் தகவல் வரும், இல்லாவிட்டால் வராது. ஐரோப்பாவில் 2007-லேயே போட்ட விதிப்படி, வாகனப் பழுதுபார்ப்புத் தகவலை வெளி மெக்கானிக்குகளுக்கும் கொடுத்தே ஆக வேண்டும். நியாயமான கட்டணம் வாங்கிக்கொள்ளலாம், மறைக்கக் கூடாது. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் 2012-ல் மக்களே ஓட்டுப் போட்டு இதைக் கேட்டு வாங்கினார்கள். அங்கே கொடுக்கும் கம்பெனிகளில் பல இங்கேயும் கார் விற்கின்றன. இங்கே மட்டும் ஏன் கை வரவில்லை?

அவர்கள் சொல்லும் சாக்குகள்

சாக்கு ஒன்று: "பயிற்சி இல்லாதவர் கையில் கொடுத்தால் ஆபத்து." உசிலம்பட்டிக்கு அப்பால் ஒரு கிராமத்தில் வண்டி நின்றால் 40 கிலோமீட்டருக்கு மேல் கட்டி இழுத்துக்கொண்டா மதுரை வருவார்கள்? பக்கத்துப் பட்டறையில்தான் பிரிப்பார்கள். நீங்கள் தகவலை மறைப்பதால் வேலை நிற்கப் போவதில்லை, இருட்டில் நடக்கப் போகிறது. ஆபத்து என்று உண்மையிலேயே பயந்தால் விளக்கைப் போடுங்கள்.

சாக்கு இரண்டு: "அது எங்கள் அறிவுச்சொத்து." எஞ்சின் வடிவமைப்பு உங்கள் சொத்து, ஒத்துக்கொள்கிறேன். யாரும் பட்டறையில் உட்கார்ந்து மல்டிஜெட் எஞ்சின் தயாரிக்கப் போவதில்லை. ஆனால் நான் காசு கொடுத்து வாங்கிய வண்டியில் குத்தியிருக்கும் குறிக்கு என்ன அர்த்தம் என்பது எப்படி உங்கள் ரகசியம்? குறி என்றாலே அடுத்தவர் பார்த்துப் புரிந்துகொள்ளத்தானே? இலவசமாகக் கூட வேண்டாம், நியாயமான விலைக்கு விற்கட்டும்.

சாக்கு மூன்று: "யூடியூப்பில் எல்லாம் இருக்கே." இருக்கிறது. தமிழில் நன்றாகச் சொல்லித்தரும் மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கோயில் கட்டலாம். ஆனால் வீடியோவில் இருப்பது பிஎஸ் 3, கையில் இருப்பது பிஎஸ் 4 என்றால்? அவர் சொன்ன இறுக்கம் தப்பாக இருந்தால் யார் பொறுப்பு? அவர் நல்ல மனசில் செய்வதை கம்பெனி கடமையாகச் செய்ய வேண்டும்.

நம்ம பக்கத்துக் குற்றவாளிகள்

கம்பெனியை மட்டும் திட்டிவிட்டுப் போனால் நான் நடுநிலை தவறியவன் ஆவேன். பட்டறையிலும் ஒரு பூட்டு இருக்கிறது. செயின் மாட்டும் நேரம் பார்த்து, "தம்பி, போய் நாலு டீ வாங்கிட்டு வா" என்று பையனை அனுப்பிவிடும் அண்ணன்மார்கள் உண்டு. தொழில் ரகசியமாம். பையன் கற்றுக்கொண்டால் எதிரே கடை போட்டுவிடுவானாம். அண்ணே, கம்பெனி உங்களுக்குச் செய்வதைத்தான் நீங்கள் அந்தப் பையனுக்குச் செய்கிறீர்கள்.

அப்புறம் நாம். பைபாஸ் ரோட்டுப் பட்டறை ஒன்றில் நான் கேட்ட பேச்சு இது. வாடகைக் கார் ஓட்டும் ஒருவர், "செயின் மட்டும் மாத்திருங்கண்ணே, கிட்டெல்லாம் வேணாம்" என்றார். மெக்கானிக் பழைய கைடை எடுத்துக் கையில் கொடுத்து, "பள்ளம் விழுந்திருக்கு பாருங்கண்ணே, இதோட போட்டா புது செயினும் போயிரும்" என்றார். "அத அடுத்த தடவ பாத்துக்கலாம்ணே. நாளைக்கு விடியக்காலம் ராமேஸ்வரம் டிரிப்பு." மெக்கானிக் அதற்கு மேல் பேசவில்லை. அந்த ஓட்டுநர் மேலும் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் கையில் இருந்த காசு அவ்வளவுதான். ஆனால் தேய்ந்த பல்சக்கரத்திலும் பள்ளம் விழுந்த கைடிலும் புது செயினைப் போட்டால் சீக்கிரமே சத்தம் வரும். வந்தால் டீக்கடையில் யார் பெயர் அடிபடும் என்று உங்களுக்கே தெரியும்.

பொருளாதாரத்தில் இதற்கு ஒரு பாடம் உண்டு. 1970-ல் ஜார்ஜ் அகெர்லாஃப் என்பவர் பழைய கார் சந்தையை வைத்து ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார். 2001-ல் நோபல் பரிசு கூடக் கிடைத்தது. சுருக்கம் இதுதான்: நல்ல சரக்கு எது, கெட்ட சரக்கு எது என்று வாங்குபவருக்குத் தெரியாவிட்டால், அவர் நல்ல சரக்குக்கான விலையைத் தர மாட்டார். நல்ல சரக்கு வைத்திருப்பவர் கட்டுப்படியாகாமல் சந்தையை விட்டுப் போவார். மிஞ்சுவது மட்டமானது.

இதை அப்படியே பட்டறைக்குப் பொருத்துங்கள். மூடிய எஞ்சினுக்குள் குறி நேராக இருக்கிறதா என்று நமக்குத் தெரியாது. கிட் முழுதாகப் போட்டு, டூல் வைத்துப் பூட்டி, 2 சுற்று சுற்றிப் பார்த்துக் கொடுப்பவரும், செயினை மட்டும் கண்ணளவில் மாட்டிக் கொடுப்பவரும் நம் கண்ணுக்கு ஒன்றுதான். ஆகவே கூலி குறைவாகக் கேட்பவரிடம் போகிறோம். ஒழுங்காக வேலை செய்பவர், நாம் கொடுக்கும் கூலியில் ஒழுங்காகச் செய்ய முடியாமல் ஒன்று தரத்தைக் குறைப்பார், இல்லை கடையை மூடிவிட்டு வேறு வேலைக்குப் போவார். மானுவல் பூட்டிக் கிடப்பதால் முதலில் அடிபடுவது திறமையில்லாதவர் இல்லை, நேர்மையானவர். "இதோ பாருங்க, கம்பெனி தாள்லயே போட்டிருக்கு, கைடும் சேர்த்துத்தான் மாத்தணும்" என்று காட்ட அவர் கையில் ஒரு தாள் இல்லை. அந்த ஒரு தாள் இருந்திருந்தால் பைபாஸ் ரோட்டுப் பேச்சு வேறு மாதிரி முடிந்திருக்கலாம்.

என்ன வேண்டும்?

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை.

1. விற்கும் ஒவ்வொரு மாடலுக்கும் டைமிங் குறிகள் எங்கே, எந்த டூல், எவ்வளவு இறுக்கம், எவையெல்லாம் சேர்த்து மாற்ற வேண்டும் என்று படத்தோடு ஒரு தாள். தமிழில். டிவியில் தமிழில் பாட்டுப் பாடி வண்டி விற்கத் தெரிகிறது, ஒரு தாள் தமிழில் போடத் தெரியாதா?

2. கம்பெனி நிறுத்திவிட்ட எஞ்சின்களுக்கு முழு மானுவலையும் பொதுவில் வைக்க வேண்டும். டீசல் டிசையரை இனி மாருதி விற்கப் போவதில்லை. அதன் மானுவலைப் பூட்டி வைத்து யாருக்கு என்ன லாபம்?

3. கே.புதூரில் அரசு ஐடிஐ இருக்கிறது. சென்னை கிண்டியில் இருக்கும் மத்திய அரசின் நிமி நிறுவனம் ஐடிஐ பாடப்புத்தகங்களைத் தமிழிலும் போடுகிறது. ஏற்கனவே பட்டறையில் இருக்கும் ஆட்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஒன்று வைக்கலாம். பத்தாவது முடிக்காதவரும் உட்காரலாம் என்ற நிபந்தனையோடு.

4. பழைய செயின், கைடு, டென்ஷனரை ஒரு கவரில் போட்டு வண்டிக்காரர் கையில் கொடுக்கும் பழக்கம். குறி நேராக நிற்பதை மூடும் முன் செல்போனில் ஒரு போட்டோ. இதற்கு எந்தச் சட்டமும் வேண்டாம், நாளைக்கே தொடங்கலாம். நாம் கேட்டால் செய்வார்கள்.

பழுதுபார்க்கும் தன்மைக்கு மதிப்பெண் கொடுக்கும் திட்டம் பற்றி மத்திய அரசுக் குழு ஒன்று 2025-ல் அறிக்கை கொடுத்திருக்கிறது. செல்போனும் டேப்லெட்டும்தான் முதலில் என்கிறார்கள். செல்போன் நின்றால் நமக்கு ஒரு நாள் பொழுது போகாது. டிசையர் நின்றால் ஒரு வீட்டில் அந்த மாதத் தவணை போகாது. எது முதலில் வர வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

அடுத்த முறை டீக்கடையில் யாராவது "மெக்கானிக் எஞ்சினைக் காலி பண்ணிட்டான்" என்றால், திருப்பி ஒரு கேள்வி கேளுங்கள். "அந்த எஞ்சினோட டைமிங் மார்க் எங்கண்ணே இருக்கு?" அவருக்கும் தெரியாது. காசு கொடுத்து வாங்கிய அவருக்கே தெரிய விடாத விஷயத்தை, கூலிக்குப் பிரித்தவர் எப்படித் தெரிந்துவைத்திருப்பார்?